பருப்பு டப்பாவில் சாய்ந்திருந்தவர்

குணசேகரன் எத்தனை மணிக்குச் செத்தான் என்பது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பன்னிரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை.

குவைத்திலிருந்து வந்த காகிதத்தில் பகல் ஒன்று நாற்பது என்று போட்டிருந்தது. அது, அவனோடு அறையில் தங்கியிருந்த செபமாலை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, கட்டிலில் கிடந்தவனை உலுக்கிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்ட நேரம். கண்டவர்கள் கண்ட நேரத்தைத்தான் ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். நம் ஊர்க் கணக்குக்கு இரண்டரை மணி கூட்டினால் சாயங்காலம் நாலு பத்து. ஆலங்குடி ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்தப் புதன்கிழமை பகல் பதினொன்று பன்னிரண்டு வரைக்கும் தசமி, அதற்கு மேல் ஏகாதசி, ஆகவே பிள்ளை போனது ஏகாதசியில் என்று சொல்லிவிட்டார்.

பெற்றவள் காத்தாயிக்கு அந்த ஒரு சொல்தான் ஊன்றுகோல். ஏகாதசியில் உயிர் போனால் நேராக வைகுண்டம் என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். மாரடைப்பு என்று ஒரு தடவை சொன்னால் ஏகாதசி என்று மூன்று தடவை சொன்னாள். வந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். செத்தவனுக்கு நல்லது என்று சொல்ல அவர்களுக்கும் வேறு என்ன இருந்தது?

மருமகள் வனிதாவுக்குத் தெரியும், அது ஏகாதசி இல்லை. தசமி. காலை ஒன்பது இருபது. எப்படித் தெரியும் என்பதை அவள் தன் வாயால் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் அந்த வீட்டில் போன் எப்படிப் புழங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

குணசேகரன் முதல் தடவை விமானம் ஏறியபோது போனில் பேசுவது லேசான காரியம் இல்லை. அங்கே ஒரு கார்டு வாங்கிச் சுரண்டி, நீளமான நம்பரை அடித்து, வரிசையில் நின்று கூப்பிடுவான். பத்து நிமிஷம். அதற்குமேல் ஒரு பெண் குரல் குறுக்கே வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அறுத்துவிடும். அதனால் வனிதா வாரம் முழுக்க, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். பசு சினை. அத்தைக்கு முட்டி வலி. இலக்கியா சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். மழை இல்லை. ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிப்பாள். அவனும் தன் பங்குக்கு மூச்சு விடாமல் பேசுவான். பத்து நிமிஷத்தில் ஒரு வாரத்தைப் பேசி முடித்து, கடைசியில் "ஒடம்பப் பாத்துக்க" என்பதற்கும் இடம் கிடைத்துவிடும்.

பிறகு ஆலங்குடியில் பிரவுசிங் சென்டர் வந்தது. திரை போட்ட சின்ன அறை, காதில் மாட்டும் ஹெட்போன், தலைக்கு மேல் ஒற்றைக்கண் கேமரா. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள். பஸ்ஸில் ஏறினால் எங்கே என்று கேட்காமலேயே கண்டக்டர் சிரிப்பார். கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து தெரிந்த புருஷன் முகத்தைப் பார்த்து முதல் நாள் அழுதே விட்டாள். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அதற்கப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது. வீட்டுக் கூரை மேலேயே நெட் வயர் வந்து இறங்கியது. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் குரலும் முகமும் ஓசி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆனதும் பேச்சு வற்றிவிட்டது. அதுதான் மனுஷ சுபாவம், அளந்து கொடுத்தால் அள்ளிக்கொள்வோம், கொட்டிக் கொடுத்தால் எட்டிப் பார்க்க மாட்டோம். காலண்டர் தாளுக்கு வேலை இல்லாமல் போனது. பசு சினையானதை அவனே திரையில் பார்த்துவிடுகிறான், பிறகு அதில் சொல்ல என்ன இருக்கிறது? 'ம்' என்பான். 'ம்' என்பாள். ஆனால் கட் பண்ணவா என்று கேட்டால் மட்டும் கோபம் வரும். "ஏன், ஓசிதானே, என்ன அவசரம் ஒனக்கு?" என்பான். ஓசியைக் கட் பண்ணுவது முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி ஆகிவிட்டது.

அதனால் கட் பண்ணுவதையே விட்டுவிட்டார்கள்.

அவனுக்கு ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி வேலை. அனல் அடிக்கும் குப்பூஸ் அடுப்புக்கு முன்னால் விடிய விடிய நின்றுவிட்டு, விடிந்ததும் அறைக்கு வந்து குளித்து, போனைத் தலைமாட்டில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுப் படுப்பான். இங்கே மணி எட்டரை ஆகியிருக்கும். வனிதா தன் போனை அடுப்படி அலமாரியில் பருப்பு டப்பாவில் சாய்த்து வைப்பாள். அவன் தூங்குவான். இவள் சமைப்பாள். இடையில் கண் திறந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான். "இன்னைக்கு என்ன கொழம்பு?" இவள் சட்டியைக் கேமரா பக்கம் சாய்த்துக் காட்டுவாள். அவன் "ம்" என்று திரும்பிப் படுப்பான். தூங்கி எழுந்ததும் அவன்தான் கட் பண்ணுவான். ஏழெட்டு வருஷமாக இதுதான் அவர்கள் குடித்தனம். நடுவில் மூன்று தடவை லீவில் வந்து போனதைச் சேர்க்காமல்.

வீடே அதற்குப் பழகிப்போனது. அடுப்படிக்குள் வந்தால் காத்தாயி தானாகக் குரலைத் தாழ்த்துவாள். தயிர் கடன் கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரி, "அண்ணன் முழிச்சிருக்காரா?" என்று அலமாரியைப் பார்த்துக் கிசுகிசுப்பாள். குக்கர் வைத்தால் வனிதா தன் பக்கத்து மைக்கை அணைத்துவிடுவாள். விசில் சத்தத்தில் அலறி எழுந்தால் மறுபடி அவனுக்குத் தூக்கம் வராது. நெட் சரியில்லாமல் படம் அப்படியே நின்றுவிட்டால், "அம்மா, அப்பா தொங்கிட்டாரு," என்று இலக்கியா சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வேனுக்கு ஓடுவாள். அசையாத முகம் அந்த வீட்டில் புதுசு இல்லை.

அந்தப் புதன்கிழமையும் எட்டு முப்பத்துநாலுக்குக் கூப்பிட்டான். சோர்வாக இருக்கிறது என்றான். தினமும் சொல்வதுதான். சார்ஜர் கூடக் குத்தாமல் படுத்தான். காத்தாயி கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போயிருந்தாள், இலக்கியா பள்ளிக்கூடம் போயாயிற்று. ஒன்பது இருபதுக்கு ஒன்று நடந்தது. அதற்கப்புறம் வனிதா என்னென்ன செய்தாள் என்று வரிசையாக ஞாபகம் இருக்கிறது. குழம்பை இறக்கினாள். ரசம் வைத்தாள். அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். துணி மடித்தாள். மகளுக்கு ஷூ கிழிந்துவிட்டது, அடுத்த மாசம் வாங்க வேண்டும் என்று மைக் அணைந்து கிடக்கிற போனைப் பார்த்து, தன்பாட்டில், சொல்லக்கூடச் செய்தாள். பன்னிரண்டு நாற்பதுக்குப் படம் போய்விட்டது. அங்கே சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்தாள். அப்பாடா, குளிக்கப் போகலாம் என்று தோன்றியதும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று மணி இருபது நிமிஷம். அவ்வளவு நேரம் செத்தவனுக்கு எதிரே உட்கார்ந்து இட்லி தின்றிருக்கிறாள்.

படம் தொங்கிவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். சாயங்காலம் செபமாலையின் போன் வந்து, வீடு அலறிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அவன் கட்டிலுக்குப் பின்னால் ஜன்னல் திரை ஒன்று உண்டு, பழுப்பு நிறம். ஏசிக் காற்றில் அது கடைசி வரைக்கும் ஆடிக்கொண்டேதான் இருந்தது. படம் தொங்கியிருந்தால் திரையும் நின்றிருக்கும். அவன் மட்டும்தான் நின்றிருந்தான்.

அதோடு வனிதாவுக்குள் என்னவோ மரத்துப்போனது. பல் பிடுங்கப் போட்ட ஊசிபோல, தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை. ஒன்பதாம் நாள் திருச்சி விமான நிலையத்திலிருந்து பெட்டி வந்தது. பெட்டியின் கண்ணாடி வழியே முகத்தைப் பார்த்தபோது, சட்டம் போட்ட இந்தச் சின்னச் சதுரத்துக்குள் தினமும் பார்த்த முகம்தானே என்று இருந்தது. அழுகை வரவில்லை. கட்டிப்பிடித்து அழ வந்த பெண்கள் அவள் தோளில் தாங்களே அழுதுவிட்டு எழுந்து போனார்கள். "கல்லு கணக்கா ஒக்காந்திருக்காளே" என்று காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள். ஒருவேளை கல்தானோ என்று அவளுக்கே சந்தேகம்.

கொழுந்தன் எழிலரசன் மட்டும் சாவுச் செய்தி வந்த அன்றைக்கே ஒரு தடவை கேட்டான், காலையில் அண்ணன் போன் பண்ணினாரா என்று. "பண்ணுனாங்க. பேசிட்டுத் தூங்கிட்டாங்க," என்றாள். பொய் இல்லை. அதற்குமேல் அவனும் கேட்கவில்லை. தினமும் அலமாரியில் இருக்கிற போன் அன்றைக்கும் இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அடுப்படி அம்மியைப் போல அதுவும் கண்ணில் படாத சாமானாகிவிட்டிருந்தது.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தாள். சொன்னால், பார்த்துக்கொண்டே இருந்து விட்டுவிட்டாயே என்பார்கள். சொல்வது நியாயமும்தான். மகள் கேட்டால் என்ன பதில்? மாமியாருக்கு இருக்கிற ஒரே ஏகாதசியைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது?

ஆனால் பெட்டி வந்த அன்றைக்கு ஐயர் போகிறபோக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். திதிதான் செத்தவனுக்கு முகவரி. வருஷா வருஷம் அந்தத் திதியில் வைக்கிற சோறுதான் அவனுக்குப் போய்ச் சேரும், நாள் தப்பினால் சேராது, வந்து நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு போவான் என்றார். மற்றவர்கள் கேட்டு மறந்துவிட்டார்கள். வனிதாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மற்ற எந்தப் பேச்சும் தீர்ந்துபோன காலத்திலும் என்ன குழம்பு என்று கேட்பதை நிறுத்தாத மனுஷன். தசமியன்றைக்கு வந்து அலமாரிப் பக்கம் நிற்பார், அடுப்பில் ஒன்றும் இருக்காது. மறுநாள் இலை போடுவார்கள், அவர் போயிருப்பார். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா?

பன்னிரண்டாம் நாள் காலையில் எழிலரசன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். பழக்கம் விடவில்லை, குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"மதினி, கருமாதிப் பத்திரிகை புரூஃப் வந்துருச்சு. ஒரு தடவ பாத்துருங்க. ஓகேன்னு போட்டா மத்தியானமே அடிச்சுருவாங்க."

போனை நீட்டினான். ஆலங்குடி அச்சகத்திலிருந்து வந்த படம். லீவில் வந்தபோது எடுத்த போட்டோவில் குணசேகரன் நீலச் சட்டையில் இருந்தான். கீழே, ஏகாதசி திதியில் இறைவனடி சேர்ந்தார் என்று இருந்தது.

காத்தாயி அடுப்படித் தரையில் முறத்தோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே மெதுவாகச் சொன்னாள். "ஏகாதசிங்கறத மட்டும் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லுய்யா. படிக்கிறவுகளுக்குத் தெரியணும்ல."

"சொல்றேன் ஆத்தா."

அவன் எழுத ஆரம்பித்தான். வனிதா அடுப்பை அணைத்தாள்.

"தம்பி, அது தசமி."

"எது மதினி?"

"அவங்க போனது. ஏகாதசி இல்ல. தசமி. காலையில ஒம்பது இருவது."

எழிலரசன் ஆத்தாளையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயரு நேரம் பாத்துத்தானே சொன்னாரு?"

"நீங்க காயிதத்துல இருந்த நேரத்தக் குடுத்தீங்க, அவரு அதப் பாத்தாரு. அது செபமாலை அண்ணன் வந்து பாத்த நேரம்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

வனிதா தன் போனை எடுத்து, பன்னிரண்டு நாளுக்கு முன்னால் வந்த அழைப்பைத் தேடிக் காட்டினாள். புதன், காலை 8:34. பக்கத்தில் 4 மணி 6 நிமிடம் என்று இருந்தது.

"போன் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு தம்பி."

காத்தாயியின் கை முறத்தில் நின்றுவிட்டது.

வனிதா சொல்லத் தொடங்கினாள். பழைய காலத்தில் காலண்டர் தாளைப் பார்த்து ஒப்பித்தாளே, அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லை.

"வளைவுல ஒம்பது இருவது டவுன் பஸ் ஹாரன் அடிச்சுச்சு, அதான் மணி தெரியும். கொழம்பு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பக்கம் சோத்துக்குக் குக்கர் வச்சிருந்தேன், அதுக்காக மைக்க அமத்தி வச்சிருந்தேன். அவங்க கொறட்டை நின்னுச்சு. முழிச்சுட்டாங்களோன்னு திரும்பிப் பாத்தேன். கண்ணத் தொறந்து என்னயத்தான் பாத்தாங்க. கைய இப்படித் தூக்குனாங்க." கரண்டி பிடித்த கையைப் பாதி தூக்கிக் காட்டினாள். "வாயி அசஞ்சுச்சு. சத்தம் வரல. என்ன கொழம்புன்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன்."

வனிதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சட்டிய எடுத்துச் சாச்சுக் காட்டுனேன். சிரிச்சேன். தூங்குங்கன்னு கையும் ஆட்டுனேன். அவங்க கை எறங்கிருச்சு, தலை அந்தப் பக்கமாத் திரும்பிருச்சு. சரி, பாத்துட்டாங்க, தூங்குறாங்கன்னு நெனச்சேன். பன்னெண்டு நாப்பது வரைக்கும் இங்கதான் இருந்தாங்க." அலமாரியைக் காட்டினாள்.

எழிலரசனின் முகம் சிவந்துபோனது. "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே மதினி... செபமாலைக்கு ஒரு போன் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"குடுத்திருக்கலாம்," என்றாள் வனிதா. அதைத்தான் அவளும் பன்னிரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"நீ சும்மா இரு," என்று காத்தாயி மகனை அடக்கினாள். குரல் இன்னும் தாழ்ந்துதான் இருந்தது. உரித்த பூண்டை முறத்தின் ஓரமாக ஒதுக்கினாள். பிறகு, "தசமின்னு போடு," என்றாள்.

"ஆத்தா, ஏகாதசின்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்பப் போயி..."

"வைகுண்டம் கெடக்கு வைகுண்டம். நாள் தப்புனா எம்புள்ள வருஷா வருஷம் பசியோட வந்து பசியோட போவான். தசமின்னு போடச் சொல்லு."

அவன் மறுபேச்சுப் பேசாமல் எழுதி அனுப்பினான். உடனே அச்சகத்திலிருந்து, சரி என்று கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான், மாற்றியாயிற்று. வனிதா அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள். வைதிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

காத்தாயி பூண்டை எடுத்தாள், உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"கடைசியா அவன் பாத்தது சட்டியையா?"

"ஆமா அத்தை."

"என்ன கொழம்பு அன்னைக்கு?"

"மொச்சக்கொட்ட."

"கத்திரிக்கா போட்டா?"

"போட்டுத்தான்."

காத்தாயியின் மடியிலிருந்து முறம் சரிந்து பூண்டுப் பற்கள் தரையெல்லாம் உருண்டன. இரண்டு கையாலும் மார்பில் அறைந்துகொண்டு அவள் கத்திய கத்தலில் கொல்லையில் கட்டியிருந்த மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. கூடத்தில், வாசலில், பெட்டிக்கு முன்னால் என்று எங்கெங்கோ அழுதிருக்கிறாள். அடுப்படிக்குள் குரலை உயர்த்துவது இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

வனிதாவின் கை தானாக அலமாரிப் பக்கம், பருப்பு டப்பாவுக்கு முன்னால் இருந்த காலி இடத்துக்குப் போனது.

"மெதுவா, அத்தை," என்றாள். "தூங்குறாங்க."